பத்து மணி ஓய்வுக்குப் பையில் என்ன இருக்கிறது?

கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் முதல் மணி காலை ஏழரை வாக்கில் அடிக்கிறது. ஓய்வு வேளை வர மணி பத்தாகிவிடும். தோட்டத்து லயத்தில் ஐந்தரைக்கே எழுந்து, குளிரில் முகம் கழுவி, வேன் ஏறி வந்த பிள்ளைக்கு அதுவரை வயிற்றில் இருப்பது ஒரு குவளை பால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். ஓய்வுக்குக் கிடைப்பதோ இருபது நிமிடம் அளவுதான். சிற்றுண்டிச்சாலையில் வரிசை பிடித்து வாங்குவதற்குள் பாதி போய்விடும். அதனால் பையில் என்ன கொடுத்துவிடுகிறோம் என்பது, அன்றைய மீதிப் பாடங்கள் பிள்ளையின் தலையில் ஏறுமா என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் திறந்தபோது கொழுந்து எடுக்க வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் அந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் போ, சுங்கை பாலாஸ், புளூவேலி, ரிங்லெட், தானா ராத்தா பள்ளிகளில் தமிழ்க் குரல் இன்னும் கேட்கிறது. பெற்றோரில் ஒருவர் தோட்டத்தில், இன்னொருவர் காய்கறிக் கொட்டகையில் அல்லது விடுதியில் என்று பிழைப்பு ஓடுகிறது. இருவரும் விடியுமுன் கிளம்பும் வீட்டில் ‘ஏன் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்கவில்லை’ என்று அம்மாவை மட்டும் கேட்பது அநியாயம். கடலை ஊறப்போட அப்பாவுக்கும் கை இருக்கிறது.

முதலில் அந்தத் தேநீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலை மலையில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், பயறு, கீரை, தானியம் போன்ற தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கறி, மீன் அதிகம் சேராத வீட்டுப் பிள்ளைக்கு இரும்புச்சத்து வரும் வழியே பயறும் கீரையும்தான். அந்த உணவோடு சேர்த்துத் தேநீரையும் கொடுத்தால் கிடைப்பதிலும் குறைகிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், பாடத்தில் கவனம் நிற்காது. நாமோ ‘சோம்பேறி’ என்று திட்டிக்கொண்டிருப்போம். தேநீரே கூடாது என்பதில்லை. பசியாறும்போது வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பயறோடு ஒரு துண்டு கொய்யாவோ தக்காளியோ சேர்த்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடலில் சேர உதவும். இந்த இரண்டுக்கும் பெரிதாகச் செலவில்லை.

‘பால் தேநீர்தானே, பால் சேருகிறதே’ என்று சொல்பவர்கள் டின்னைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இனிப்புக் கிரிமர் டின்களில் முதலில் எழுதியிருப்பது பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான். கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்றும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

சரி, டப்பாவில் எதை வைப்பது? கியா ஃபார்ம் சந்தையில் சுற்றுலாப் பயணிகள் விலை கொடுத்து வாங்கிப் போகும் சோளமும் சர்க்கரைவள்ளியும் நம் வாசலில் விளைகின்றன. அவித்த சர்க்கரைவள்ளியைத் தோலுரித்து விரல் நீளத்துக்கு நறுக்கி, லேசாக உப்புத் தூவி வைத்தால் ஆறினாலும் ருசி போகாது. பெரிய சோளத்தை மூன்று வளையமாக வெட்டி அவித்துக் கொடுக்கலாம். அவித்த முட்டை இருக்கவே இருக்கிறது. தோட்டத்துக் கடையில் கிடைக்கும் தெம்பேயை மெல்லிய துண்டாக நறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கொஞ்சம் எண்ணெயில் வாட்டினால் கோழி நகெட் கேட்கும் பிள்ளை அதையும் சாப்பிடும். முதல் வாரம் முகம் சுளிக்கும். பழகிவிடும்.

சுண்டலும் பச்சைப்பயறும்தான் என் முதல் தேர்வு. ஆனால் மலையில் ஒரு சிக்கல் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. ஆகவே ஈப்போவில் முக்கால் மணியில் வேகும் கொண்டைக்கடலை இங்கே வெகுநேரம் அடுப்பில் கிடக்கும். கேஸ் தீரும், பொறுமையும் தீரும், கடைசியில் ‘மேகியே போதும்’ என்றாகிவிடும். இதற்கு வழி பிரஷர் குக்கர்தான். மாலை வேலை முடிந்து வந்ததும் கடலையைக் கழுவி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். குளிரில் பச்சைத் தண்ணீரில் சரியாக ஊறாது. காலையில் குக்கரில் உப்புப் போட்டு விசில் விட்டு இறக்கி, கடுகு, கறிவேப்பிலை, ஒரு பல் பூண்டு தாளித்தால் வேலை முடிந்தது. தேங்காய்ப்பூ போட்டால் ருசிதான், ஆனால் சீக்கிரம் கெடும். அதற்குப் பதிலாகத் துருவிய கேரட் போடுங்கள். ஒரே வேகவைப்பில் இரண்டு நாளைக்கு வரும். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலை நன்றாகச் சூடுபடுத்தியே கட்டவேண்டும்.

இட்லி மாவுக்கும் இதே குளிர்தான் எதிரி. இரவில் அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். நல்லெண்ணெய்யும் பொடியும் தடவிய குட்டி இட்லி பத்து மணிவரை மிருதுவாகவே இருக்கும். சட்னி கட்டாதீர்கள். கசிந்து புத்தகம் நனையும், தேங்காய்ச் சட்னி புளித்தும் போகும்.

‘இங்கே குளிர்தானே, சாப்பாடு கெடாது’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. கிருமிகள் பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். கேமரன் மலையின் பகல் அதற்குள்தான் அடங்குகிறது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதே சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு. காலை ஆறுக்குக் கட்டியது பத்துக்குச் சரியாகப் போகும். மாலை வகுப்பு இருந்தால் அதே டப்பாவைப் பின்னேரம் திறக்கக்கூடாது. அன்றைக்குப் பழமும் வறுகடலையும்தான் சரி. ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் வளர்த்த கச்சாங் பூத்தே வியாபாரத்தின் வறுத்த கடலையும் பட்டாணியும் இதற்கு அருமையான தீனி. பொரித்த முறுக்கும் ஓமப்பொடியும் அதே கடையில்தான் இருக்கின்றன. அவை வாரத்துக்கு ஒருநாள் போதும். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

தொண்டையில் சிக்குவதை இலேசாக நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பத்து வயது மாணவன் கண் வடிவ ஜெல்லி மிட்டாய் சிக்கி மூச்சுத் திணறி, சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தான். அதன் பிறகு சுகாதார அமைச்சு அந்த மிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது. அதன் உறை, உணவு விதிமுறைகள் 1985 கேட்கும் விவரங்களுக்கு ஒத்துவரவில்லை என்றது. அவ்வகை மிட்டாய் இன்னும் எங்காவது தொங்குவதைக் கண்டால் வாங்காமல் நகர்ந்தால் மட்டும் போதாது. தானா ராத்தாவில் இருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அதே விதிமுறைகள் வாங்குபவருக்கு வேறு சில உரிமைகளையும் தருகின்றன. உள்நாட்டில் தயாராகும் பொட்டலத்தின் விவரம் மலாயில் இருக்க வேண்டும். உள்ளடக்கம், அதாவது ‘ராமுவான்’, எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். கடலை, பால், முட்டை, மீன், கோதுமை போன்று ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் தெரிவிக்க வேண்டும். கெடும் தேதி, ‘தாரிக் லுப்புட்’, அழிந்திருந்தால் அந்தப் பொட்டலம் வேண்டாம். இந்த இறங்குவரிசை ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி விளம்பரம் தோற்றுவிடும். ‘சாக்லேட் மால்ட்’ என்று பெரிதாக எழுதிய பையில் முதல் சொல் ‘கூலா’ என்றிருந்தால் நீங்கள் வாங்குவது சீனி. பெட்டிப் பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று போட்டிருக்கும். 5 கிராமுக்கு மேல் சீனி போட்ட பல பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் வரி போடுகிறது. அந்த 5ஐயே நீங்களும் அளவாக வைத்துக்கொள்ளலாம். 10 கிராம் உள்ள 250 மில்லி பானம் ஒன்றில் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டிச் சீனி. பிள்ளையின் தேநீரில் அத்தனை சீனி போட நீங்களே சம்மதிக்கமாட்டீர்கள். பச்சைத் தண்ணீர் போத்தல் ஒன்றே போதும்.

காய்கறி விளையும் இடத்தில் இருப்பவர்களுக்கு பூச்சிமருந்தின் பயமும் தெரியும். குளோர்பைரிஃபாஸ் மருந்தை மலேசியா 2023 மே 1 முதல் தடைசெய்தது. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது ஆபத்து என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். தோட்டத்தில் யாராவது ‘நல்ல காய், எடுத்துப்போ’ என்று கொடுத்தால் மருந்தடித்து எத்தனை நாளாகிறது என்று தயங்காமல் கேளுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையின் டப்பாவைத் தொடட்டும். மருந்து வந்த டப்பாவையோ கேனையோ தண்ணீருக்கு எடுப்பது, எத்தனை தரம் கழுவினாலும், கூடவே கூடாது.

டப்பாவே கட்டமுடியாத வீடும் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. 2022 கணக்குப்படி மலேசியாவின் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் மாதம் 2,589 ரிங்கிட். ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உழைக்கும் வீடு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. அப்படிப்பட்ட வீட்டுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்காகக் கல்வி அமைச்சு 1979 முதல் நடத்திவருவதுதான் ஆர்எம்டி எனும் கூடுதல் உணவுத் திட்டம். பள்ளி நாட்களில் இலவசச் சாப்பாடு. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு, பள்ளியில் பதிந்திருக்கும் வருமான விவரத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். இங்கேதான் பலருக்கு வாய்ப்பு கைநழுவுகிறது. முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது எழுதிய சம்பளமே இன்னும் பதிவில் இருக்கும். இடையில் அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அல்லது வீட்டில் இன்னொரு பிள்ளை பிறந்திருக்கும். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பார்த்து, ‘எங்க விவரத்தைத் திருத்திக் கொடுங்க சார், ஆர்எம்டிக்குப் பேரு வருமான்னு பாருங்க’ என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டுகிறீர்கள். பதில் இழுத்தடித்தால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது.

சிற்றுண்டிச்சாலையும் பெற்றோர் கைக்கு எட்டாத இடமல்ல. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கென்று சுகாதார, கல்வி அமைச்சுகளின் வழிகாட்டி 2011 முதல் இருக்கிறது. மிட்டாய், கேஸ் பானம், நொறுக்குத் தீனி, ஊறவைத்த பழம் அங்கே விற்கக்கூடாது. பள்ளி வேலியிலிருந்து 40 மீட்டருக்குள் தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள் வியாபாரமும் தடை. தடுக்க வேண்டியது மாவட்ட மன்றத்தின் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தேர்தல் சூடு பிடிக்கிற அளவுக்கு உணவுப் பட்டியல் பேசப்படுவதில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஒரே நாளில் பல பிள்ளைகளுக்கு வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கிளினிக்குக்கோ தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். நச்சுணவால் வரும் நோய், தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988இன்படி அறிவிக்கப்பட வேண்டியது. பதிவு செய்த மருத்துவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மீந்த உணவைக் குப்பையில் போடாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சோதனைக்கு அதுதான் சாட்சி. உடலுக்குக் கேடான உணவை விற்றது நிரூபணமானால் உணவுச் சட்டம் 1983 பத்தாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரிங்கிட்வரை அபராதமும் சொல்கிறது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பாரம் கொடுக்க 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது கையில் இருந்தால் நீங்களே பேசலாம். மலாயில் எழுத வராதென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள். பல்லாண்டாகத் தமிழிலும் பயனீட்டாளர் விவகாரங்களைக் கவனித்துவருபவர்கள் அவர்கள்.