கால் கைமாறும்போது லைனில் என்ன நடக்கிறது?

வங்கியின் எண்ணுக்கு போன் செய்து, பதிவுக்குரல் சொன்ன பட்டன்களையெல்லாம் அழுத்தி முடித்ததும், "அதிகாரியுடன் இணைக்கிறோம், காத்திருங்கள்" என்கிறது. நம் லைனே அவருடைய மேசைக்கு நகர்ந்துவிடுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணினி அதிகாரிக்குப் புதிதாக இன்னொரு கால் போடுகிறது.

இப்போது கணினியின் கையில் இரண்டு சேனல்கள்: அழைத்தவருடையது ஒன்று, அதிகாரியுடையது ஒன்று. இரண்டையும் ஒரு 'பிரிட்ஜில்' சேர்த்தால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். மார்க் ஸ்பென்சர் 1999-ல் அமெரிக்காவில் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். 2013-ல் வந்த அதன் 12-ஆம் பதிப்பு, ஏஆர்ஐ என்ற வசதியின் மூலம் பிரிட்ஜ் அமைப்பதையும் சேனல்களைச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் புரோகிராமரிடமே ஒப்படைத்தது.

வரிசை முக்கியம். அழைத்தவருக்கு இசை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதிகாரி போனை எடுத்தபின்தான் இசையை நிறுத்தி, இருவரையும் சேர்க்க வேண்டும். டயல் செய்த உடனேயே இசையை நிறுத்தினால் அழைத்தவர் காதில் வெறும் நிசப்தம். "ஹலோ, ஹலோ" என்று பார்த்துவிட்டு, லைன் போய்விட்டதாக எண்ணி வைத்துவிடுவார்.

இன்னொரு வழியும் உண்டு. இணையவழி அழைப்புகளை அமைக்கும் 'சிப்' நெறிமுறையில் உள்ள 'ரெஃபர்' என்ற செய்தியை அனுப்பி, "அதிகாரியின் எண்ணை இனி நீங்களே அழையுங்கள்" என்று எதிர்முனையிடம் சொல்லிவிட்டுக் கணினி ஒதுங்கிக்கொள்ளும். 2003-ல் வரையறுக்கப்பட்ட முறை இது. பிரிட்ஜ் முறையில் பேச்சு முடியும்வரை நிறுவனத்தின் இரண்டு லைன்கள் பிடிபட்டிருக்கும். இதில் அந்தச் செலவு இல்லை. ஆனால் அதிகாரி எடுக்காவிட்டால் அழைத்தவர் நடுவழியில் நிற்பார். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ பதற்றத்தோடு அழைப்பவரை இப்படிக் கைவிடக் கூடாது. அங்கே லைன் செலவைப் பார்க்காமல் பிரிட்ஜ் முறையையே வைக்க வேண்டும்.

பிரிட்ஜிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏஆர்ஐ-யில் ஒருவர் போனை வைத்தால் மற்றவருடைய லைன் தானாகத் துண்டிக்கப்படாது. அவர் ஆளில்லாத பிரிட்ஜில் தனியே இருப்பார். புரோகிராம்தான் அதைக் கவனிக்க வேண்டும். அழைத்தவர் வைத்திருந்தால் அதிகாரியின் சேனலை மூடிவிட்டு பிரிட்ஜையும் நீக்கலாம். பேச்சு முடியுமுன் அதிகாரியின் லைன் அறுந்திருந்தால், அழைத்தவரை மறுபடி இசைக்குக் கொண்டுவந்து அடுத்த அதிகாரிக்கு கால் போட வேண்டும். அழைத்தவருடைய சேனல் இன்னும் கணினியிடம்தான் இருக்கிறது.