வினையும் அதன் துணைச் சொல்லும்

நீதிமன்றத்திலே சாட்சி கூறும் ஒருவர், எதிரியைச் சுட்டிக்காட்டி, ‘ஹீ ஷொட் ஹிம்’ என்று ஆங்கிலத்திற் கூறுவாராயின், எதிரி சுட்ட குண்டு மற்றவன்மீது பட்டது என்பது பொருள். ‘ஹீ ஷொட் அட் ஹிம்’ என்பாராயின், அவனை நோக்கிச் சுட்டான் என்பது மட்டுமே பொருள். குண்டு பட்டதா, தவறியதா என்பது அச்சொற்களால் விளங்காது. ‘அட்’ என்னும் சிறு சொல் ஒன்று இருப்பதாலும் இல்லாமையாலும் குற்றத்தின் தன்மையே வேறுபட்டுத் தோன்றுகிறது.

இத்தகைய சொற்களை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரெப்பொசிஷன்’ என்பர். பெயருக்கு முன்னே நிற்றலால் தமிழில் இவை முன்னிடைச் சொற்கள் எனப்படும். தமிழிலே வேற்றுமை உருபுகளும் ‘பற்றி’, ‘நோக்கி’ முதலிய சொல்லுருபுகளும் பெயருக்குப் பின்னே நின்று செய்யும் தொழிலை, ஆங்கிலத்திலே பெரும்பாலும் இவை செய்கின்றன. ஆயினும், எந்த வினைக்கு எந்த உருபு உரியது என்பதில் இரு மொழிகளும் ஒத்துச் செல்வதில்லை. தமிழ் மாணவனுடைய இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

‘வானொலியைக் கேள்’ என்று தமிழ் கூறும். அதனை நினைந்து மாணவன் ‘லிஸன் த ரேடியோ’ என்று எழுதிவிடுகிறான். ‘லிஸன்’ என்னும் வினையோ ‘டு’ என்பதை வேண்டி நிற்கிறது. ‘எனக்கு விளக்கு’ என்பதை ‘எக்ஸ்பிளேய்ன் மீ’ என்கிறான். அங்கும் ‘டு மீ’ என்றே வரவேண்டும். ‘அவனிடம் கேட்டேன்’ என்னுமிடத்திலோ, வேண்டாத ‘டு’ ஒன்றைச் சேர்த்து ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ என எழுதுகிறான். ‘அதைப் பற்றி ஆராய்ந்தனர்’ என்பது ‘டிஸ்கஸ்ட் எபௌட்’ ஆகிவிடுகிறது. ‘டிஸ்கஷன்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு ‘எபௌட்’ பொருந்தும்; ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்கு அது வேண்டியதில்லை. இப்பிழைகள் அறியாமையால் மாத்திரம் விளைவன அல்ல. தாய்மொழியின் ஒழுங்கை மாணவன் பிறமொழியின்மேல் ஏற்றுவதால் விளைவன.

இவ்வொழுங்கு ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. வினைதோறும் உருபு வேறுபடுவதைத் தமிழ் இலக்கணமும் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுள்ளது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலே வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே உண்டு. அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் உரியன என்று அது விதிக்கிறது. ‘பழியை அஞ்சும்’ என்றும் ‘பழியின் அஞ்சும்’ என்றும் கூறலாம் என்பது கருத்து. இன்றோ ‘பாம்புக்குப் பயந்தான்’ என நான்காம் வேற்றுமையிலே பேசுகிறோம். அச்சம் ஒன்றே; உருபு மாறிவிட்டது. இதற்குக் காரணம் வழக்கேயன்றித் தருக்கமன்று.

ஒரே வினை வெவ்வேறு துணையுடன் வரும்போது பொருள் வேறுபடுதலும் உண்டு. நற்சான்றிதழ் எழுதும் ஒருவர் ‘ஐ நோ ஹிம்’ என்றால், அம்மனிதரோடு பழகியவர் என்பது பொருள். ‘ஐ நோ ஒவ் ஹிம்’ என்றால், அவரைப் பற்றிக் கேள்வியுற்றவர் என்ற அளவே. ஒருவருடைய கருத்தோடு உடன்படுதல் ‘அக்றீ வித்’. முன்வைக்கப்பட்ட ஒரு யோசனைக்கு இசைதல் ‘அக்றீ டு’. இரு பகுதியாரும் கலந்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுதல் ‘அக்றீ ஒன்’. பந்தைப் பிடிக்குமாறு ஒருவனிடம் எறிந்தால் ‘டு’. அவன்மேற் படவேண்டுமென்று எறிந்தால் ‘அட்’. எனவே ‘அட்’ பல இடங்களில் இலக்கைக் குறிக்கும் என்று கொள்ளலாம்.

இலத்தீன் மொழியிலிருந்து வந்த வினைகளிலே வேறொரு குறிப்புக் கிடைக்கும். ‘கொன்’, ‘கொம்’ என்னும் முன்னொட்டு உடன்நிகழ்தலைக் காட்டும். ஆகவே ‘கொனெக்ட்’, ‘கொம்பெயர்’ என்பன ‘வித்’ பெறுகின்றன. ‘டி’ என்னும் முன்னொட்டு நீங்கற் பொருளையும் தரும். ‘டீவியேட்’ என்பது ‘ஃப்ரொம்’ பெறுகிறது. ஆயினும் இதனை விதியாகக் கொள்ளல் தகாது. ‘டிபெண்ட்’ என்பதன் மூலப்பொருள் ஒன்றிலிருந்து தொங்குதல் என்பதே. எனினும் அது இன்று ‘ஒன்’ என்பதையே ஏற்கிறது.

ஆதலின் வினையைத் தனியே கற்காமல், அதன் துணையோடு சேர்த்து ஒரு சொல்லைப் போலக் கற்பதே தக்க வழியாகும். ஜப்பானிலே ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி என்பவர் இத்தேவையை நன்குணர்ந்தவர். அவர் துணையாசிரியர் இருவருடன் தொகுத்த அகராதி 1942ஆம் ஆண்டில் தோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரால் மறுபடியும் வெளியிடப்பட்டது. சொல்லின் பொருளோடு, வினை வாக்கியத்தில் அமையும் முறையையும் அது காட்டியது. அகராதியைப் புரட்டும் மாணவன் பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாமல், அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் குறிப்பேட்டில் எழுதி, வாய்விட்டுப் படித்தல் வேண்டும். ‘அம்மாவிடம் கேள்’ என்று பேசும் தமிழ்க் குழந்தை வேற்றுமை இலக்கணம் படித்துவிட்டா பேசுகிறது? காதாற் பலமுறை கேட்டதனாலேயே அது பிழையின்றிப் பேசுகிறது.