சுவர் பூசுமுன் சூரியனை நினைப்போம்

புதுவீடு கட்டியோர் இல்லங்களுக்கு நாம் செல்லும்போது, அவர்கள் நமக்கு முதலிற் காட்டுவன வாசற்கதவும் நிலத்திற் பதித்த மாபிளும் சமையலறையின் புதுமைகளுமே. சுவருக்குள்ளே மறைந்து கிடக்கும் மின்கம்பிகளை எவரும் காட்டுவதில்லை, காட்டவும் இயலாது. கதவு பிடிக்காவிடின் மாற்றிவிடலாம். மாபிள் மங்கினால் வேறு பதிக்கலாம். ஆனால், சாந்து பூசிச் சாயமும் தீட்டிய சுவரை உடைத்து அதனுள் ஒரு குழாயைப் புதைப்பதென்பது, மனத்தையும் பணப்பையையும் ஒருங்கே வருத்தும் வேலையாகும்.

கூரையிற் சூரிய மின்தகடுகளைப் பொருத்தும் எண்ணம் இன்று பல குடும்பங்களுக்கு உண்டு. எனினும், வீட்டுவேலை முடியும் வேளையிற் கையிருப்பும் முடிந்துவிடுவதே உலக வழக்கம். ஆகவே, "அதைப் பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவிடுகின்றனர். பிறகு பார்ப்பதில் தவறொன்றுமில்லை. அதற்கு வேண்டிய வழியை இப்போதே விட்டுவைக்காமைதான் தவறு. அவ்வழி யாது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

வெயில் மின்சாரமாவது எங்ஙனம்?

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சப்பின், புல்லர், பியேர்சன் என்னும் மூவர், சிலிக்கனால் ஆகிய சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடைகளிற் கிடைக்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றவல்லன.

தகட்டிலிருந்து வருவது நேரோட்டம். நம் வீடுகளில் ஓடுவதோ 230 வோல்ற்று ஆடலோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவியே இன்வேற்றர். வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது மீற்றர் வழியாக வெளிக்கம்பிக்குச் செல்லும். நம் நாட்டில் 1 கிலோவாற்றுத் தகடுகள் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 அலகுவரை தரும். ஆகவே, மாதம் 300 அலகு செலவிடும் குடும்பத்துக்கு 3 கிலோவாற்றுப் போதுமானது.

2022 புகட்டிய பாடம்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுதிரியை நாடிய அக்காலத்தில், கூரை நிறையச் சூரியத் தகடு வைத்திருந்தோர் பலரும் பட்டப்பகலிலேயே மின்விசிறி சுழலாது தவித்தனர். வெயில் எறிக்க, தகடும் இருக்க, மின்சாரம் மட்டும் இல்லாமற் போனது எதனால்?

வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன், சாதாரண இன்வேற்றரும் தானாகவே நின்றுவிடும். அது பழுதன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. நின்றிராவிடின், கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளிமீது நம் கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடும். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமாயின், பற்றரியுடன் இயங்கி, வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும் வேறுவகை இன்வேற்றர் வேண்டும். அதை எப்போதும் வாங்கலாம். ஆனால், அது ஊட்டவேண்டிய விளக்குகளின் கம்பிகளைக் குளிரூட்டியின் கம்பிகளிலிருந்து பிரித்து வைத்தல், வயரிங் செய்யும்போதே இலகுவாகும்.

ஆதலால், மின்பகிர்வுப் பெட்டிகளை இரண்டாக அமைக்குமாறு கேளுங்கள். ஒன்றில் இன்றியமையாதவை: விளக்குகள், மின்விசிறிகள், குளிர்சாதனப் பெட்டி, இணையக் கருவி, பிள்ளைகள் படிக்கும் அறை. மற்றையதில் வெந்நீர்க் கருவி, மின்னழுத்தி, குளிரூட்டி, மின்னடுப்பு ஆகிய பெருந்தீனிக்காரர். மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 9 வாற்று விளக்குகள் ஆறு, 60 வாற்று விசிறிகள் மூன்று, இணையக் கருவிக்கு 15, குளிர்சாதனப் பெட்டிக்குச் சராசரி 150 எனக் கொண்டால், மொத்தம் 399 வாற்று. 5 அலகு கொள்ளும் பற்றரி ஒன்று இவற்றைப் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வெந்நீர்க் கருவி ஒன்றை இவற்றோடு சேர்த்துவிட்டால், அதே பற்றரி இரண்டு மணி நேரமும் நில்லாது.

இணைப்பின் அளவு

30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பிற் பெறத்தக்கது, 230ஐ 30ஆற் பெருக்க வரும் 6,900 வாற்று. அஃதாவது ஏறக்குறைய 7 கிலோவாற்று. நம் இணைப்பின் கொள்ளளவை மீறிய சூரியத் தொகுதிக்கு அனுமதி கிடையாது. மேலும், நாளை மின்சாரக் கார் ஒன்று வீட்டுக்கு வருமாயின், 7 கிலோவாற்று மின்னேற்றி ஒன்றே அவ்விணைப்பு முழுவதையும் விழுங்கிவிடும். திரீ பேஸ் இணைப்பாயின் இடம் மும்மடங்காகும். இப்போதே அதனைப் பெறுவதற்கு வசதியில்லாதோர், மீற்றர்ப் பெட்டிக்குப் போதிய இடமும், மீற்றரிலிருந்து வீட்டினுள் வரும் குழாய்க்குப் போதிய பருமனும் வைத்தலேனும் செய்க. மின்பகிர்வுப் பெட்டியிலும் ஐந்தாறு இடங்களை வெறுமையாக விட்டு வைத்தல் நன்று.

குழாயும் கூரையும்

அண்மையில் வேலை நடக்கும் வீடொன்றில், மின்தொழிலாளியிடம் வீட்டுக்காரர், "தம்பி, கூரைக்கு இன்னும் இரண்டு குழாய் விட்டால் எவ்வளவு கூடும்?" என்று கேட்டார். "சுவர் திறந்து கிடக்கேக்கை குழாயின்ர விலைதான் ஐயா. பூசினாப்பிறகு எண்டால் மேசனுக்கும் பெயின்ரருக்கும் சேர்த்துக் குடுக்கவேணும்" என்றார் அவர். நாம் கூறவந்ததன் சாரம் இவ்வளவே.

கூரையடியிலிருந்து இன்வேற்றர் வைக்கப்போகும் சுவர்வரை 32 மில்லிமீற்றர் பிவிசி குழாய் இரண்டும், அங்கிருந்து மின்பகிர்வுப் பெட்டிவரை வேறொன்றும் விடுக. வளைவுகள் செங்குத்தாக முறியாமல் மெல்ல வளையட்டும். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு நைலோன் கயிற்றை விட்டு, இரு வாயையும் மூடிவைத்தால், பின்னர்க் கம்பியை இழுத்தல் எளிது. கம்பியை இப்போதே வாங்கிப் புதைக்க வேண்டுவதில்லை. வாங்கப்போகும் தொகுதிக்கேற்ற கம்பியை அப்போது தெரிவதே முறை. பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் அந்நேரோட்டம் 400 வோல்ற்றைத் தாண்டும். வெயில் உள்ளவரை தகட்டில் அதனை நிறுத்தவும் இயலாது. ஆகையால், நேரோட்டக் கம்பிக்குரிய குழாயில் வேறு கம்பி எதனையும் நுழைக்கலாகாது.

இன்வேற்றரின் இடம் வெயிலும் தூவானமும் படாத, காற்றோட்டமுள்ள சுவராக இருத்தல் வேண்டும். பற்றரியைப் படுக்கையறையிலோ, ஆபத்து வேளையில் ஓடி வெளியேறும் வழியிலோ வைத்தல் தகாது.

கூரையைப் பற்றித் தச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். 550 வாற்றுத் தகடு ஒன்று 27 கிலோ அளவில் நிறையுடையது. பத்துத் தகடுகள் சட்டங்களுடன் 300 கிலோவைத் தாண்டும். கைமரமும் சிலாகையும் அதனைத் தாங்குமா என்பது, ஓடு போடுமுன் கேட்கவேண்டிய கேள்வி. தெற்கு நோக்கிய சரிவே சிறந்தது. எனினும், நாம் பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழ்வதாற் கிழக்கு மேற்குச் சரிவுகளும் பயன் தருவனவே. நிழலே பெரும் பகை. தண்ணீர்த் தொட்டியைத் தகடுகளுக்கு வடபுறம் அமையுமாறு வைத்தால் அதன் நிழல் பெரும்பாலும் தொல்லை தராது. முற்றத்து வேம்பை வெட்டுவதிலும், அதன் நிழல் எட்டாத பகுதியைத் தகட்டுக்கு ஒதுக்குவதே நல்லறிவு.

இடியும் மின்னலும் மிகுந்த பங்குனி சித்திரையையும், ஐப்பசி கார்த்திகையையும் மனத்திற் கொண்டு, புவியிணைப்புக்குரிய செப்புக்கோலை வீட்டைச் சுற்றிச் சீமெந்து போடுமுன்னரே இறக்குவித்தல் வேண்டும். மின்னலால் எழும் மிகையழுத்தத்தைத் தடுக்கும் கருவிக்கும் பெட்டியில் இடம் விடுக. இவை யாவும் தகுதி பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டே செய்விக்கத்தக்கன.

அவசரம் வேண்டாம்

வழி விடுதல் வேறு. கடன்பட்டுத் தகடு வாங்குதல் வேறு. 2016ஆம் ஆண்டு தொடங்கிய சூரிய பல சங்கிராமயத் திட்டத்திற் சேர்ந்தோருக்கு, முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா கிடைத்தது. பின்னர்ச் சேர்ந்தோருக்கான கட்டணங்கள் பன்முறை மாறியுள்ளன. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, மின்தேவை மிகக் குறைந்தமையால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர் கேட்கப்பட்டனர். ஆகவே, வாங்கும் நாளில் நிலவும் விலையையும் விதியையும் விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும். குழாயோ எத்தனை ஆண்டாயினும் சுவருக்குள் பொறுமையாகக் காத்திருக்கும்.

முடிவாக ஒன்று. சாந்து பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் கைத்தொலைபேசியாற் படம்பிடியுங்கள். எந்தக் குழாய் எங்கிருந்து எங்குச் செல்கின்றதென்று ஒரு தாளில் வரைந்து, அதனைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். மின்தொழிலாளி ஊர் மாறிப் போகலாம். நமக்கும் மறதி வரலாம். பத்து ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் கூரையிற் சூரியத்தை ஏற்ற விரும்பும் நாளில், சுத்தியலைத் தேடாமல் அத்தாளைத் தேடுவார்களாயின், அதுவே நாம் கட்டிய வீட்டுக்குக் கிடைக்கும் நற்சான்றாகும்.