எங்கள் பள்ளிக்கூடத்துச் சமாசாரம்

கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றிலே என்ன பெரிய விசேஷம் நடந்துவிடப் போகிறது என்று நேயர்கள் நினைக்கலாம். இரண்டு அறைகள், ஒரு வேப்பமரம், மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. இவற்றைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆயினும் ஒரு வருஷம் முழுவதும் அந்த வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால், சட்ட சபைகளில் நடப்பவற்றுக்குச் சற்றும் குறையாத சங்கதிகள் அங்கே நடைபெறுவதைக் காணலாம். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் நாம், இவ்வாண்டில் எங்கள் பள்ளியில் நடந்தவற்றையும் இனி நடக்க இருப்பவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். அவற்றுள் ஒரு சங்கதி நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதாக உத்தேசம்.

எங்கள் பள்ளி இருப்பது உடையார்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில். உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். முற்காலத்தில் அது பெரிய ஜமீன். சங்கீத வித்துவான்களுக்கும் புலவர்களுக்கும் புகலிடமாக விளங்கிய சமஸ்தானம். பதங்கள் பாடிப் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையர் அந்தச் சமஸ்தானத்து வித்துவான். அவரிடம் இசை பயின்ற வேங்கட சுப்பையரின் குமாரர்தாம், ஏட்டுச் சுவடிகளிலிருந்து சங்கத் தமிழை மீட்டுத் தந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஜமீன் போயிற்று, பயறணீஸ்வரர் கோயிலும், தறிகளின் ஓசையும், முந்திரித் தோப்புகளும் இருக்கின்றன.

சென்ற வாரம் எங்கள் பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. மேடை என்பது நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமக்காளம் விரித்தது. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘திண்ணைப் பள்ளிக்கூடம்’ என்று ஒரு சிறு நாடகம் போட்டார்கள். 1855-ஆம் வருஷத்தில் பிறந்த சாமிநாதையர் இளமையில் திண்ணைப் பள்ளிகளிலே படித்தவர். அரியலூரிலும் குன்னத்திலும் ஆசிரியர்களைத் தேடிச் சென்று தமிழ் கற்றவர். அந்த வரலாற்றை அவர் தம் முதுமையில் ‘என் சரித்திரம்’ என்ற பெயரால் எழுத, 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் அது தொடர்ந்து வெளிவந்தது. 1942-இல் அவர் மறைந்ததால் அது முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது. மணலில் விரலால் எழுதிப் பழகுவது, பனையோலையில் எழுத்தாணி பிடிப்பது, எண்சுவடியை மனப்பாடம் செய்வது, வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை நடத்தும் அதிகாரம் எல்லாம் எங்கள் பிள்ளைகளின் கையில் ஒரே சிரிப்பாக முடிந்தன. சட்டாம்பிள்ளையாக நடித்த சிறுமி, ஒத்திகையில் இல்லாத ஓர் அடியைத் தன் சொந்தத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். அவன் மேடையிலேயே அழத் தொடங்கினான். தாய்மார்கள் அதையும் நடிப்பு என்றே எண்ணிக் கை தட்டினார்கள்!

நாடகத்தில் சட்டாம்பிள்ளை வேஷம் ஒரு சிறுமிக்குக் கிடைத்தது என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1822-இல் சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, ராஜதானி முழுவதிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் தொகுத்து எழுதிய கணக்கின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் படித்துவந்தனர். ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு பள்ளி! இவையெல்லாம் சர்க்கார் கட்டியவை அல்ல. ஊரார் நெல்லும் காசும் கொடுத்துத் தாங்கியவை. ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்நாடு கல்வி வாசனையே அறியாதது என்று சொல்லப்பட்ட கதைக்கு அந்தக் கணக்கே மறுப்பு. 1931-இல் லண்டன் நகரத்தில் பேசிய மகாத்மா காந்தி, நம் பழைய கல்வியை அழகிய மரம் ஒன்றுக்கு ஒப்பிட்டு, அது பட்டுப் போன விதத்தை அந்நாட்டாரிடமே எடுத்துச் சொன்னார். அந்த உவமையையே தலைப்பாகக் கொண்டு தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூலில் மன்றோ காலத்துக் கணக்குகள் விரிவாக அச்சேறியிருக்கின்றன.

ஆனால் நம் பெருமையைச் சொல்லும் அதே கணக்கு நம் சிறுமையையும் சொல்லாமல் விடவில்லை. அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கருள் பெண் குழந்தைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. திண்ணையின் அருகே வரவும் அனுமதி கிடைக்காத குழந்தைகளோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மரம் அழகியதுதான், நிழல் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இன்று எங்கள் வேப்பமரத்து நிழலில் எல்லாத் தெருக் குழந்தைகளும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அவர்களைச் சட்டாம்பிள்ளையாக நின்று அதட்டியவள் ஒரு சிறுமி. இந்த ஒரு காரணத்துக்காகவே பொதுப் பள்ளிக்கூடம் என்பது பாதுகாக்கத் தக்கது என்பது நமது துணிபு.

இனி, சாப்பாட்டுச் சமாசாரம். காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் பள்ளியில் தாளித்த வாசனை எழுந்துவிடும். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று கிழமைக்கு ஒன்றாக வருகிறது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மார்கள். பள்ளியில் சோறு போடும் இந்த வழக்கத்துக்கு நூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு. 1920-இல் சர் பி. தியாகராய செட்டியார் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் அதைத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் அதை மாநிலமெங்கும் மதிய உணவாக்கினார். 1982 ஜூலை 1-ந் தேதி எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவு தொடங்கிற்று. மறு ஆண்டு ஆகஸ்டு 25 முதல் அது அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்து சேர்ந்தது. முதல் பாட வேளையில் கண்ணைச் செருகிக்கொண்டு சாயும் பிள்ளையைச் சோம்பேறி என்று எத்தனையோ வருஷம் நாம் கடிந்திருக்கிறோம். பசிக்கும் சோம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்குக் கற்பித்தது அந்தக் காலை உணவுதான்.

ஆயினும் மாசி, பங்குனி வந்துவிட்டால் வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் தலைகாட்டும். அது முந்திரிப் பருவம். பெற்றோர் கொட்டை பொறுக்கத் தோப்புக்குப் போகும்போது, கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளையையும் அழைத்துப் போய்விடுவார்கள். இரண்டு நாள் கழித்து வரும் குழந்தையின் விரல்களில் கொட்டைத் தோலின் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். இதற்கு ஒரு வழி கண்டவர்கள் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவினர். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். எங்கள் குழுவின் தலைவியாகிய அம்மையார் தாமே தோப்பு வேலைக்குப் போகிறவர். “கைப்பிள்ளைகளை இந்த ரெண்டு மாசமும் எங்க அம்மா பார்த்துக்குவாங்க, பெரிய புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க” என்று வீடு வீடாகச் சொல்லி வந்தார். அதற்குப் பிறகு வெற்றிடங்கள் அறவே நீங்கிவிட்டன என்று சொல்ல மாட்டோம், குறைந்திருக்கின்றன.

இப்போது நம் குற்றவாளிக் கூண்டுக்கு வருவோம்.

வருகிற ஜூன் மாதத்துக்குரிய மாணவர் சேர்க்கைக்காக நாமும் சக ஆசிரியையும் துண்டுப் பிரசுரங்களை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். இது எங்களுக்கு ஜீவாதாரமான காரியம். அறுபது பிள்ளைகள் வரையில் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். ஆனால் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால் பணி நிரவல் என்ற பெயரில் ஒருவரை வேறிடம் அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் அச்சம். ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கும் பள்ளிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அதற்கடுத்த வருஷம் எண்ணிக்கை இன்னும் இறங்கும். பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. இப்படித்தான் மெல்ல மெல்ல அணைகின்றன.

நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் பள்ளியின் மேன்மைகளை விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். காலை உணவு, இலவசப் புத்தகம், சீருடை, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று ஒன்று விடவில்லை. குழந்தையின் தகப்பனார், வாசலுக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் உள்ள ஓர் ஆங்கிலப் பள்ளியை மனத்தில் வைத்திருந்தார். தறியில் இருந்தபடியே மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். உள்ளே இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பாட்டி, கையை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க புள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க?”

நம்மிடம் பதில் இல்லை. நம் மூத்த குமாரன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேன் ஏறிப் போகிறவன். சக ஆசிரியை தரையைப் பார்த்தார். தறி ஓசையும் நின்றுவிட்டது. “நல்லது பாட்டி, யோசித்துச் சொல்லுங்கள்” என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். பங்குனி வெயில் அன்று சுட்டதுபோல் என்றும் சுட்டதில்லை.

1911-இல் கோபால கிருஷ்ண கோகலே, எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வழி செய்யும் மசோதாவை ஏகாதிபத்திய சட்ட சபையில் கொண்டுவந்தார். மறு வருஷம் 13 பேர் ஆதரவாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களிக்க, அது தோற்றது. அந்த வரலாற்றைப் பயிற்சிக் கூட்டங்களில் நாம் பலமுறை உணர்ச்சியோடு பேசியிருக்கிறோம். அந்த 38 பேரைப் பற்றிக் கடுமையாகவும் பேசியிருக்கிறோம். அன்று வீடு திரும்பும்போதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது: நாம் பேசியது அந்தப் பதின்மூவர் பக்கம், வீட்டில் நாம் போட்ட வாக்கு வேறு பக்கம்.

இரவு நம் மனையாளிடம் நடந்ததைச் சொன்னோம். எங்கள் இளைய பெண்ணுக்கு இந்த ஜூனில் ஐந்து வயது நிரம்புகிறது. அவளுக்கும் வேன் பள்ளியில் இடம் சொல்லிவைத்திருந்தோம். “உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது நன்றாக இருக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று அவள் கேட்டாள். “இருக்கிறது” என்றோம். “அப்படியானால் எதற்குப் பயம்?” என்றாள். பயம் இருக்கத்தான் செய்கிறது. இங்கிலீஷில் பின்தங்கிவிடுவாளோ, உறவினர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணங்கள் ஓர் இரவில் போய்விடுவன அல்ல. ஆனால் அதே பயம் அந்தத் தறிக்காரருக்கும் உண்டு. அவரை மட்டும் அதை விட்டுவிடச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

வரப் போகும் விசேஷங்களைச் சொல்லி முடிக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் புதுப் பிள்ளைகளுக்கு மாவிலைத் தோரணத்தோடு வரவேற்பு. ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாளாகிய அன்று பேச்சுப் போட்டி. ஆடித் திருவாதிரையை ஒட்டிக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. கங்கை வரை படை செலுத்திய ராஜேந்திர சோழனின் தலைநகரம் நம் பக்கத்திலேயே இருக்க, நம் குழந்தைகளில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை! ஆகஸ்டு 15 கொடியேற்றம். விஜயதசமி அன்று இன்னொரு முறை சேர்க்கை.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பெயராக நம் பெண்ணின் பெயரை எழுதிவிட்டோம். மறுநாள் அதே நெசவாளர் தெருவுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னோம். அவள் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. “சரி, சேத்துட்டு வாங்க. அது போறதைப் பாத்துட்டு எங்க புள்ளையைப் பத்தி யோசிக்கிறோம்” என்றாள்.

நியாயமான பேச்சுதானே? பதிவேட்டில் இரண்டாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது. ஜூன் மாதம் வரும்வரை அதை அப்படியே விட்டுவைப்பதாக உத்தேசம்.