குச்சவெளியில் பிள்ளைப்பேறு

குச்சவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில் புல்மோட்டை வீதியில் இருக்கும் கடற்கரை ஊர். அதே பெயருடைய பிரதேச செயலகப் பிரிவுக்குள் நிலாவெளி, இறக்கக்கண்டி, திரியாய், புல்மோட்டை ஆகியவையும் அடங்கும். இந்தக் கரையில் ஒரு பெண்ணின் பிள்ளைப்பேறு எப்படி அமையும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது அந்த வீதிதான். கடலேரிகளும் ஆறுகளும் கடலோடு சேரும் முகத்துவாரங்கள் அதைப் பல இடங்களில் அறுத்துச் செல்கின்றன. இறக்கக்கண்டியில் 2009இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை நகருக்குப் போவது எளிதாக இருக்கவில்லை. நடுச்சாமத்தில் நோக் கண்டவளுக்கு அது இன்னும் கடினம். யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளும் சேர்ந்துகொண்டன. 2004 டிசம்பரில் சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. ஊர் மருத்துவிச்சியை நம்பி வீட்டிலேயே பெற்றெடுத்தவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை.

இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை முப்பதுகளை ஒட்டியே இருக்கிறது. பெரிய ஆசுபத்திரிகள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது, வீடு தேடிச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவ மாதுவே அதன் அடித்தளமாக இருந்தார். மலேரியா அடங்கியதும், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், மருத்துவம் இலவசமாகக் கிடைத்ததும் அந்த வேலைக்குத் துணை நின்றன.

ஊரார் ‘மிட்வைவ்’ என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்தான் இன்றும் முதல் ஆள். நாள் தள்ளிப்போனதும் அவரிடம் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குள் பதிந்தால் நல்லது. அன்று தொடங்கும் கர்ப்பிணி அட்டையில் உயரம், நிறை, இரத்த அழுத்தம், இரத்த வகை, சீனி, குருதிச்சோகை எல்லாம் ஏறும். இரும்புச்சத்து, போலிக் அமில, கல்சிய மாத்திரைகளும் திரிபோஷா என்ற சத்துமாவும் கிளினிக்கில் கிடைக்கும். திரிபோஷாத் திட்டம் 1970களில் தொடங்கியது. அந்த மாவு வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்காகிவிடுவதும் அன்று முதல் நடப்பதுதான். அது தாய்க்கென்று வந்தது, தாய்தான் சாப்பிட வேண்டும்.

கிளினிக் அட்டை ஆபத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அழுத்தம் கூடியவள், முன்பு சிசேரியன் செய்தவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், இதய நோயுள்ளவள் ஆகியோர் திருகோணமலைப் பெரியாசுபத்திரியில்தான் பெற வேண்டும் என்பது மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அவர்களைத் திகதிக்கு முன்பே வார்டில் சேர்க்கச் சொல்வார்கள். வீட்டில் இன்னொரு சின்னப்பிள்ளை இருக்கும், கணவர் கடலுக்குப் போயிருப்பார். இப்படிப்பட்ட வீட்டை விட்டுச் சில நாள் முன்பே கிளம்புவது லேசான காரியமல்ல. ஆனாலும் அந்த அலைச்சல் ஓட்டோவில் பிள்ளை பெறுவதைவிட எவ்வளவோ மேல். யார் கூடப் போவது, எந்த வாகனம், பிள்ளையை யார் பார்ப்பது என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

நோ முதலில் இடுப்பில் பிடித்து வயிற்றுக்கு இறங்கும்; விட்டுவிட்டு வரும். நடந்தாலும் படுத்தாலும் அடங்காமல் ஒழுங்காக நெருங்கி வந்தால் அது மெய் நோ. பன்னீர்க்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ நோவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கருப்பையின் வாய் 10 சென்ரிமீற்றர் விரியும் வரையான முதற்கட்டம், தலைப்பிள்ளைக்காரிக்கு அரை நாளுக்கு மேலும் நீளலாம். இந்த நேரத்தில் நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், பக்கம் சரிந்து படுக்கலாம். கூடவே தாயோ சகோதரியோ நின்றால் பயம் பாதியாகும். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. இடநெருக்கடியைக் காரணம் காட்டி அந்தத் துணையை மறுக்கும் நிலை மாறியே ஆக வேண்டும். கத்தியதற்காகத் திட்டு வாங்கிய தாய், பிள்ளை வளர்ந்த பிறகும் அதை மறப்பதில்லை.

இரண்டாம் கட்டத்தில் முக்கத் தோன்றும். பிள்ளை வெளியே வரும். உடனே தாய்க்கு ஒக்சிடோசின் ஊசி போடுவார்கள். கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் இந்தச் சின்ன ஊசி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். இளங்கொடி விழுந்தால் பேறு முடிந்தது. பிள்ளையைத் துடைத்துத் தாயின் வெறும் நெஞ்சில் போட்டால் சூடு காக்கும். ஒரு மணிநேரத்துக்குள் சீம்பாலும் கிடைத்துவிடும். இன்று மூன்றில் ஒன்றுக்கும் மேலான பேறுகள் சிசேரியன்தான். அப்படிப் பெற்றவர்களும் மயக்கம் தெளிந்ததும் பால் கொடுக்கலாம். வீடு திரும்புமுன் பிள்ளைக்கு பிசிஜி ஊசி போடப்படும்.

வீடு வந்தால் பொறுப்பு பெரியவர்கள் கைக்குப் போகிறது. தமிழர் வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழித்துத் தொட்டிலில் போடுவார்கள். முஸ்லிம் வீட்டில் பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா கொடுத்துப் பெயர் வைப்பார்கள். அங்கே தாய்க்கு நாற்பது நாள் கணக்கு. சடங்கு வேறானாலும் சமையல் ஒன்றுதான். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்த சரக்குக் கறி, பால்சுறா வறை, முருங்கையிலை, வேது தண்ணீர்க் குளிப்பு. பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் அடுப்படிக்கு விடாத இந்த வழக்கம் அருமையானது. மீனும் கீரையும் அவளுக்கு வேண்டிய சத்துத்தான். ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் பழத்தையும் மறிப்பது பிழை. பிள்ளையின் நாக்கில் சேனை என்று இனிப்போ தேனோ வைப்பதும், தொப்புளில் தூள் போடுவதும், கண்ணுக்குள் மை தீட்டுவதும் ஆபத்து. கன்னத்தில் கண்ணூறுப் பொட்டு வைத்தால் குற்றமில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

முதல் பத்து நாளுக்குள் மிட்வைவ் இரண்டு தரம் வீட்டுக்கு வர வேண்டும். தையல், மார்பு, பால் குடிக்கும் விதம், பிள்ளையின் மஞ்சள் நிறம் எல்லாம் பார்ப்பார். தாயின் மனதையும் கேட்பார். முதல் வாரத்துக் கண்ணீர் தானாக வடிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மையும் பிள்ளையில் பற்றின்மையும் நீடித்தால் அது மனச்சோர்வு. பேயும் அல்ல, பொல்லாத குணமும் அல்ல. அதற்கு மருத்துவம் உண்டு, அவள் தேறுவாள். பிள்ளையின் பிறப்பையும் 42 நாளுக்குள் பதிய வேண்டும்.

பேறுகால மரணம் என்று மருத்துவம் கணக்கெடுப்பதும் பேறு முடிந்து 42 நாள் வரைதான். ஊரே பிள்ளையைப் பார்க்க வரும் இந்த நாட்களில் தாயையும் பாருங்கள். இரத்தம் கூடப் போனால், காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தால், தலையிடியும் கண்மங்கலும் இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு முட்டினால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள்.