சில நாள் மட்டும் கிளம்பாத டீசல் கார்

அடியோடு நின்றுபோன வண்டியைப் பழுதுபார்ப்பது அவ்வளவு கஷ்டமான காரியமல்ல. நேற்றுச் சாவியைத் திருப்பியதும் கிளம்பி, இன்று பல முறை திருப்பியும் அடம்பிடித்து, மெக்கானிக்கின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியதும் யாதொரு குறையுமில்லாததுபோல் ஓடுகிற டீசல் கார்தான் உரிமையாளரின் பொறுமையையும் பணத்தையும் ஒருங்கே கரைக்கிறது. கோளாறு பிரத்தியட்சமாகத் தெரியாதபோது அனுமானம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இம்மாதம் பேட்டரி, அடுத்த மாதம் செல்ஃப் மோட்டார், பிறகு இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாய் மாற்றப்பட்டும் வியாதி அப்படியே நிற்கிறது. சோதித்துக் காட்டாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டியதில்லை என்பதை உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணத்திலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், எஞ்சின் போதிய வேகத்தில் சுழலவும், டீசல் போதிய அழுத்தத்தோடு வந்துசேரவும் வேண்டும். இவ்விரண்டில் எது தவறுகிறது என்பதே முதற் கேள்வி.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலோ, 'டிக்' என்ற சப்தத்தோடு நின்றுவிட்டாலோ மின்சாரத்தின் வழியைப் பார்க்க வேண்டும். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே இறங்கினால் அது சந்தேகத்துக்குரியது. ஆயினும் பேட்டரியைக் குற்றவாளியாக்குமுன், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பூத்துப்போன டெர்மினலோ தளர்ந்த எர்த் வயரோதான் காரணமாயிருக்கக்கூடும். அதைச் சுரண்டி இறுக்குவதற்கு ஆகும் செலவு சொற்பமே.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால், எந்த வேளையில் அது நேர்கிறது என்பதே சிறந்த சாட்சி. இரவு முழுதும் நின்று காலையில் மட்டும் சிரமம் கொடுப்பது, ஃபில்டரின் வாஷர் அல்லது ஹோஸ் இணைப்பு வழியே காற்று புகுந்து டீசல் பின்வாங்குவதன் லட்சணமாகும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் சிலிண்டரை முன்கூட்டிச் சூடேற்றும் க்ளோ பிளக்கையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். மாறாக, நெடுந்தூரம் ஓடி, தேநீருக்கு நிறுத்தி, திரும்பி வந்தால் கிளம்பாமல், ஆறியபின் கிளம்புவது கிராங்க் சென்சரையோ, இன்ஜெக்டரின் ரிட்டர்ன் கசிவையோ சுட்டும். அத்தருணத்திலேயே ஸ்கேனர் இணைத்து, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகமும், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் ரயில் குழாயின் அழுத்தமும் பதிவாகின்றனவா என்று பார்ப்பதே உண்மையான பரிசோதனை. ஆகையால் நேரம், எஞ்சின் சூடு, டாங்கில் இருந்த டீசல், எரிந்த விளக்குகள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, கைபேசியில் படமும் எடுத்து வைப்பது பெரும் உபகாரம்.

ஆத்திரத்தில் ஈதர் ஸ்பிரேயை அடிப்பது, சூடேறிய க்ளோ பிளக்கினால் வெடித்து எஞ்சினையே சேதப்படுத்தக்கூடும். ஓடும் எஞ்சினின் ரயில் குழாயை ஒருபோதும் தளர்த்தலாகாது. 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஊசி குத்தியதுபோல் அற்பமாகத் தோன்றும் அக்காயத்துக்கு உடனே ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

பட்டறையில் வண்டியை ஒப்படைக்கும்போது, குறையை நம் வார்த்தைகளிலேயே ஜாப் கார்டில் எழுதச் செய்து, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வாரண்டிக் காலத்தில், கோளாறு வந்துபோன ஒவ்வொரு முறையும் அதைப் பதிவு செய்விப்பது மிக முக்கியம். அப்பதிவு இல்லையேல், காலம் கழிந்தபின் புதிதாக வந்த பழுது என்று கைவிரித்துவிடுவார்கள். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். 1915 என்ற தேசிய எண்ணில் முறையிட்டும் பரிகாரம் கிட்டாவிடில், 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கறிஞரின்றியும் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. டாக்ஸி ஓட்டுபவருக்கு இச்சட்டம் பொருந்தாதென்று சிலர் மிரட்டுவதுண்டு. சுயதொழிலாய், ஜீவனத்துக்காகவே கார் வைத்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.