சேற்றில் சிக்கிய ஜீப்: கயிற்றை எதில் கட்டுவது?

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



நம்ம காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்து மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேட்டில் செம்மண்ணும் சரளையும். கோடையில் வண்டிப்பாதை தார் ரோடு மாதிரி கெட்டியாகக் கிடக்கும். அதே பாதை கண்மாய்க் கரையை விட்டு உள்வாயில் இறங்கினால் களியும் வண்டலும்தான். மேலே பாலாடை மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே கூழ். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை விழுந்துவிட்டால் போதும், உர மூட்டை ஏற்றிப் போன ஜீப்பும், குட்டி யானை என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டியும் மடைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் என்ன நடக்கிறது? "அண்ணே, டிராக்டரைக் கொண்டாங்க, சங்கிலியை எடுங்க" என்று குரல் கொடுக்கிறோம். ஆள் வந்ததும் கைக்கு எட்டின இடத்தில் சங்கிலியை மாட்டி ஒரே வெட்டு வெட்டி இழுக்கிறோம். பம்பர் பிய்ந்து வந்தால் பணத்தோடு போயிற்று. மாட்டிய கொக்கி அறுந்து பறந்தால் எதிரே நிற்கிற ஆளின் உயிர் போய்விடும். ஆகவே வண்டியில் இழுவைக் கொக்கிக்குப் பலமான இடம் அமைப்பது எப்படி, அமைத்தபின் இழுப்பது எப்படி என்று இன்றைக்குப் பார்ப்போம்.

எவ்வளவு இழுப்பு தேவை?

மகிந்திரா கம்பெனி 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வகை ஜீப் வெறும் வண்டியாகவே 1,100, 1,200 கிலோ இருக்கும். அதில் 10 உர மூட்டையும் டிரைவரும் ஏறினால் 1,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கும் ராணுவத்தார் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சேறு சக்கரத்தின் குடம் வரை இருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். குடத்தைத் தாண்டி மட்கார்டு வரை ஏறிவிட்டால் எடையைப்போல் இரண்டு பங்கு. அதற்கும் மேலே போனால் மூன்று பங்கு. நம்ம ஜீப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 1,700 கிலோ, 3,400 கிலோ, 5,100 கிலோ என்று வரும். மெல்லிய தகட்டுப் பம்பர் இதைத் தாங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

எதில் கட்டக்கூடாது?

பம்பரில் கட்டக்கூடாது. முன்னால் அழகுக்கு மாட்டும் கம்பிக் காவலிலும் கட்டக்கூடாது. ஸ்டியரிங் ராடில் கட்டினால் அது வளைந்து வண்டி திருப்பத்துக்கு அடங்காமல் போகும். வில் பட்டையின் ஷாக்கிளிலும் அச்சிலும் கட்டுகிறவர்கள் உண்டு. அச்சை ஒட்டித்தான் பிரேக் குழாய் போகிறது. சங்கிலி அதை நசுக்கிவிட்டால் வண்டி சேற்றைவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஆபத்தே ஆரம்பம். சில கார்களில் கம்பெனியே ஒரு திருகு வளையம் கொடுத்திருக்கும். அது பழுதான வண்டியை ரோட்டில் மெல்ல இழுத்துப்போவதற்கு. சேற்றிலிருந்து பிடுங்குவதற்கு அதை நம்பாதீர்கள்.

சரி, எதில்தான் கட்டுவது? தேர் இழுக்கிறோமே, வடத்தை எங்கே கட்டுகிறார்கள்? மேலே அலங்காரத் தட்டிலா கட்டுகிறார்கள்? பாரத்தையெல்லாம் தாங்கி நிற்கும் அடிச்சட்டத்தில் அல்லவா! வண்டிக்கு அந்த அடிச்சட்டம்தான் சேசிஸ். கீழே குனிந்து பாருங்கள், முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். கொக்கி அதில்தான் உட்கார வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாமல் தகட்டு உடம்பே பாரம் தாங்கும் கார், வேன் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைப் பட்டறையில் செய்ய வேண்டாம். கம்பெனிக்காரரிடம் கேட்டு, அந்த வண்டிக்கென்று வந்த சாமானை மட்டும் போடுங்கள்.

கொக்கி அமைக்கும் முறை

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு இடம் வைத்துக்கொள்வது நல்லது. பின்பக்கம் முக்கியம். வண்டி எந்த வழியில் சேற்றுக்குள் போனதோ அந்த வழியில் பின்னுக்கு இழுப்பதுதான் பெரும்பாலும் சுலபம்.

3 நூல் கனமுள்ள, அதாவது 10 மி.மீ. இரும்புத் தகட்டை எடுத்து, சட்டத்தின் பக்கவாட்டில் நீளமாகப் படியும்படி வெட்டுங்கள். சட்டத்தின் நுனியைத் தாண்டி நீட்டும் பகுதியில் 25 மி.மீ. துளை. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் துளையின் அகலத்துக்குக் குறையாமல் இரும்பு இருக்கட்டும். துளையின் விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். இந்தத் துளையில் முக்கால் இஞ்ச் டி-ஷாக்கிள் மாட்டலாம். நல்ல ஷாக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்கும். முக்கால் இஞ்சுக்கு நாலே முக்கால் டன். எதுவும் பொறிக்காத மலிவுச் சாமானை வாங்காதீர்கள். ஷாக்கிளின் ஆணி தொலைந்துபோனால் ஒரு போல்ட்டைச் செருகி ஓட்டுவது நம்ம வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தகட்டைச் சட்டத்தோடு சேர்ப்பதற்குப் போல்ட்டே நல்லது. ஒரு தகட்டுக்கு 12 மி.மீ. போல்ட் நான்காவது வேண்டும். போல்ட் தலையில் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 8.8 என்று போட்ட 12 மி.மீ. போல்ட் நேராக இழுத்தால் ஏறக்குறைய 7 டன்னில்தான் அறும். 4.6 போட்டது மூன்றரை டன்னிலேயே போய்விடும். கொக்கித் தகட்டில் போல்ட் பக்கவாட்டில் வெட்டுப்படுவதால் பலம் அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். எண்ணே இல்லாத போல்ட்டை வேலிக்கதவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடியிருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போல்ட்டை முறுக்க முறுக்கப் பெட்டி உள்ளே நசுங்கும். போல்ட் போகும் இடத்தில் உள்ளுக்குள் ஒரு கனத்த குழாய்த் துண்டை வைத்து, அதற்குள் போல்ட்டைச் செலுத்துங்கள். மூடாத சட்டம் என்றால் மறுபக்கத்தில் ஒரு முட்டுத் தகடு கொடுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே கூடாது. வளைவைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான்.

வெல்டிங்தான் என்றால், அது தெரிந்த கையால் நடக்கட்டும். பெயின்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டிவிட்டு, சட்டத்தின் நீளவாட்டில் பற்றவையுங்கள். குறுக்கே சட்டத்தைச் சுற்றிப் பற்றவைத்தால், பற்றவைத்த ஓரத்திலேயே பின்னால் விரிசல் விடும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். டீசல் டாங்கும் பிரேக் ஓஸும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கசடு தட்டி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, மேலே பெயின்ட். நம்ம காரைக்குடியிலேயே 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரும்பை அரிக்கும் துருவைத் தடுப்பது அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. பெரிய விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டும் எதிரி அது. கண்மாய்ச் சேறு சட்டத்தின் பொந்துக்குள் தங்கினால் ஈரம் காயாது, உள்ளேயே தின்னும். சேற்றில் போய்வந்த அன்றே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். பழைய வண்டியில் கொக்கி போடுமுன் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அங்கே இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. இது அரசாங்கச் சட்டம்! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. முன்பக்கக் கம்பிக் காவல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே கொக்கி பம்பர் கோட்டைத் தாண்டி நீட்ட வேண்டாம். நடந்துபோகிறவர் முழங்காலில் அது இடித்துவிடக்கூடாது. வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டி இழுத்தால் என்ன ஆகும்?

"என்னங்க, ஒரு கொக்கிக்கு இத்தனை வம்பா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கணக்கைக் கேளுங்கள். 2 டன் டிராக்டர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடிவந்து, தொங்கிக் கிடந்த சங்கிலியை விறைக்கவைக்கிறது. சேற்றிலிருக்கும் வண்டி அசையவில்லை. சங்கிலியும் நீளாது. 10 செ.மீ. தூரத்துக்குள் டிராக்டர் நிற்க வேண்டும் என்றால், அப்போது கொக்கியில் விழும் இழுப்பு ஏறக்குறைய 8 டன்! அதே டிராக்டர் ஒரு மீட்டர் இழுபடக்கூடிய நைலான் வடத்தில் நின்றால் இழுப்பு 800 கிலோதான்.

அப்படியானால் நைலான் போட்டு வெட்டலாமா? அதுவும் வேண்டாம். இழுபட்ட வடம் பையன்கள் இழுத்துப் பிடித்த உண்டிவில் மாதிரி. கொக்கி அறுந்தால் அதுவே கல்லாகப் பறக்கும். சங்கிலியானாலும் வடமானாலும் முதலில் மெல்ல நகர்ந்து தொய்வை எடுங்கள். பிறகு சின்ன கியரில் நிதானமாக இழுங்கள்.

இரண்டு கொக்கியிலிருந்தும் சம நீளக் கயிறு எடுத்து நடுவில் சேர்த்து இழுத்தால் பாரம் பகிர்ந்துபோகும். தேருக்கு இரண்டு வடம் போடுகிற மாதிரி. ஆனால் இரண்டு கயிறும் ரொம்ப அகலமாக விரியக்கூடாது. நடுக்கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொன்றும் மொத்த இழுப்பில் 100-க்கு 58 பங்கு தாங்கும். 120 பாகை ஆகிவிட்டால் ஒவ்வொன்றும் முழு இழுப்பையும் தாங்க வேண்டியிருக்கும். பகிர்ந்ததில் லாபமே இல்லை. கயிறு நீளமாக இருந்தால் கோணம் குறுகும்.

டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு வார்த்தை. கயிற்றைப் பின்னால் தாழ இருக்கிற இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இருக்கும் உயரத்திலோ அச்சுக்கு மேலேயோ மாட்டினால், முன்சக்கரம் தூக்கி டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. டிராக்டரே புதைந்துவிட்டால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. அதுவும் இதே ஆபத்துதான். கட்டை சக்கரத்தைத் தடுக்கும்போது சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடம்பு சுற்றப் பார்க்கும்.

இழுப்பதற்கு முன்

மண்வெட்டிதான் முதல் கொக்கி. நாலு சக்கரத்துக்கு முன்னாலும், இழுக்கும் திசையில் சரிவாக வெட்டுங்கள். அச்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் கிளறிவிடுங்கள். மூட்டைகளை இறக்குங்கள். சக்கரத்துக்கு அடியில் பனைமட்டை, பழைய சாக்கு, வைக்கோல் போடலாம். சீமைக்கருவேல் கொப்பு வேண்டாம், டயர் போய்விடும். பாதி நேரம் இதிலேயே வண்டி வெளியே வந்துவிடும். வராவிட்டாலும் இழுப்பு பாதியாகக் குறையும்.

பிறகு ஆட்களை விலக்குங்கள். கயிற்றின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கரைமேல் ஏறி நிற்பார்கள், முதலில் அவர்களை அனுப்புங்கள். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவையுங்கள். அறுந்தாலும் அந்தப் பாரம் கயிற்றைத் தரையில் அமுக்கும். சைகை காட்ட ஒரே ஆள். பத்துப் பேர் பத்துவிதமாகச் சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் யாரைக் கேட்பார்?

இழுத்து முடித்த பிறகு ஐந்து நிமிஷம் குனிந்து பாருங்கள். தகடு வளைந்திருக்கிறதா, போல்ட் துளை நீண்டிருக்கிறதா, பற்றவைப்பில் மயிரிழை விரிசல் தெரிகிறதா, பெயின்ட் வெடித்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் அந்தக் கொக்கியை அடுத்த தடவை தொடாதீர்கள். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்திப் போடுவதும் வேண்டாம். புதுத் தகடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு நல்ல நேரம் கோடைதான். மண் கெட்டியாக இருக்கும்போது, பட்டறைக்காரருக்கும் வேலை குறைவாக இருக்கும்போது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். முதல் மழை விழும்போது நாலு கொக்கியும் பெயின்ட் காய்ந்து தயாராக இருக்கட்டும்.